ஆட்சியருக்கும் வட்டாட்சியருக்கும் நடுவே: திருவண்ணாமலை கண்ட கோட்டாட்சியர் பதவியின் வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டா மாறுதல் குறித்து வட்டாட்சியர் பிறப்பித்த உத்தரவில் குறை காண்பவர், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின்படி முதலில் மேல்முறையீடு செய்ய வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகமாகும். பல வட்டங்களைச் சேர்த்து அமைத்த நிர்வாகப் பகுதி கோட்டம் எனப்படுகிறது. அதன் தலைமைப் பொறுப்பில் இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்த இளம் அதிகாரி இருந்தால் அவர் சார் ஆட்சியர் என்றும், மாநிலப் பணியின் துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர் இருந்தால் கோட்டாட்சியர் என்றும் அழைக்கப்படுகின்றனர்; இருவருக்கும் அதிகாரம் ஏறத்தாழ ஒன்றே. திருவண்ணாமலை, செய்யாறு, ஆரணி என இன்று மூன்று கோட்டங்களாகவும் 12 வட்டங்களாகவும் பிரிந்து கிடக்கும் இம்மாவட்டத்தில், ஆட்சியருக்கும் வட்டாட்சியருக்கும் நடுவிலுள்ள இந்தப் பதவி எதற்காக உருவானது என்பது பெரும்பாலும் பேசப்படாத செய்தி.

நடுநிலை அதிகாரம் என்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. செஞ்சிக் கோட்டை 1698இல் முகலாயர் வசமான பின்னர் இப்பகுதி கர்நாடக நவாபுகளின் ஆளுகைக்கு வந்தது. ஆர்க்காட்டைத் தலைநகராகக் கொண்ட அந்த நவாபே முறைப்படி பார்த்தால் தக்காணத்தின் ஆளுநரான சுபேதாரின் கீழ் இருந்த ஒரு துணை ஆளுநர்தான். அவருக்குக் கீழே கோட்டைக் காவலுக்குக் கில்லேதாரும், வரி தண்டுவதற்கு அமில்தாரும் இருந்தனர். திருவண்ணாமலையில் அருணாசலேசுவரர் கோயிலின் உயர்ந்த மதில்களே கோட்டையாகப் பயன்பட்டன; 1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் மைசூரின் ஐதர் அலியின் படைகளோடு ஆங்கிலேயர் மோதியபோது ஊர் முழுவதும் போர்க்களமாயிற்று. அந்த நூற்றாண்டின் அதிகாரிகள் யாவரும் வரியை மேலே அனுப்புவதற்காக அமர்த்தப்பட்டவர்களே. ஊராருடைய முறையீட்டைக் கேட்டு, கீழுள்ள அலுவலரின் செயலைத் திருத்துவதற்கென்று முறையாக அமைந்த பதவி எதுவும் அவ்வரிசையில் இருக்கவில்லை.

1801 ஜூலை 31 அன்று நவாப் அசீம் உத்-தௌலாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் கர்நாடகத்தின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்து சேர்ந்தது. திருவண்ணாமலை தென் ஆர்க்காடு மாவட்டத்தில் வைக்கப்பட்டது; போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு ஆகியவை வட ஆர்க்காட்டில் அமைந்தன. தென் ஆர்க்காட்டின் தலைமையிடமான கடலூர் திருவண்ணாமலையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்ததால், தாசில்தார் மீது குறை சொல்ல விரும்பிய உழவர் ஒருவர் ஆட்சியரின் ஹுசூர் கச்சேரிக்கு, அதாவது மாவட்டத் தலைமை அலுவலகத்துக்கு, வேலையை விட்டுவிட்டுப் பல நாள் நடக்க வேண்டியிருந்தது. பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைந்த ரயத்துவாரி முறையில் ஒவ்வோர் உழவரும் அரசோடு நேரடியாகக் கணக்குத் தீர்க்க வேண்டியவர் என்பதால் இந்தத் தொலைவு இன்னும் கடுமையாக உணரப்பட்டது. இடைத்தரகரான ஜமீன்தார் இல்லாத ஊர்களில், உழவருக்கும் அரசுக்கும் நடுவே நின்றவர்கள் ஊர்க் கணக்கரான கர்ணமும் ஊர்த் தலைவரான மணியக்காரரும் தாசில்தாரும் மட்டுமே.

இந்த இடைவெளியை நிரப்பும் முதல் சட்டப் படியாக 1828ஆம் ஆண்டின் சென்னை ஏழாம் ஒழுங்குவிதி அமைந்தது. மாவட்டத்தின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்கும் சார் ஆட்சியர்களும் உதவி ஆட்சியர்களும், தத்தம் பகுதிக்குள் ஆட்சியரின் அதிகாரங்களைச் செலுத்தலாம் என்று அது வகுத்தது. பிரான்ஸில் 1800ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணத் தலைவருக்குக் கீழே துணைத் தலைவர்களை நியமித்ததோடு இதை ஒப்பிடலாம். தலைநகரிலிருந்து ஆளப்படும் பெரிய நிலப்பரப்பில் கண்காணிப்புக்கு ஒரு நடுப்படி தேவைப்படுவதை இரு அரசுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உணர்ந்திருந்தன. ஆனால் சென்னை மாகாணத்தில் சார் ஆட்சியர் பதவிகள் சிலவே இருந்தன. அவற்றில் அமர்ந்தவர்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு இங்கிலாந்திலிருந்து வந்த ஐரோப்பியர்கள். கண்காணிப்பு போதவில்லை என்பதை அடுத்த தலைமுறை மிகக் கொடிய முறையில் அறிந்துகொண்டது.

வரி தண்டுவதற்காக மக்களைச் சித்திரவதை செய்வது பற்றி விசாரிக்க 1854இல் சென்னையில் ஓர் ஆணையம் அமர்த்தப்பட்டது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை அக்கால வருவாய் நிர்வாகத்தின் உள்முகத்தைத் திறந்து காட்டியது. நேரில் வந்தும் கடிதம் எழுதியும் முறையிட்டோரின் எண்ணிக்கை 1,959. இரு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டி என்னும் கருவியும், குனிந்த நிலையில் கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் என்னும் தண்டனையும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் தாசில்தார் ஒருவரிடமே குவிந்திருந்ததையும், ஆட்சியர் தொலைவில் இருந்ததால் பாதிக்கப்பட்டவரின் குரல் அவர் காதுக்கு எட்டாமலே போனதையும் அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் காவல்துறை தனியாகப் பிரிந்தது இதன் ஒரு விளைவு என்று வரலாற்று நூல்கள் பரவலாகக் கூறுகின்றன. துணை ஆட்சியர் பதவியின் விரிவாக்கம் அதே காலத்தது என்றாலும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கோட்ட அலுவலகத்தின் உண்மையான தொடக்கத்தைத் தேடுபவர் 1828இல் நின்றுவிடாமல் இந்த ஆண்டுகளைத்தான் பார்க்க வேண்டும். கீழுள்ள அலுவலரின் செயலை அருகிலிருந்தே விசாரிக்கும் ஒருவர் வேண்டும் என்னும் தேவை அப்போதுதான் மறுக்க முடியாததாயிற்று.

1857ஆம் ஆண்டின் ஏழாம் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒப்பந்தத்துக்கு உட்படாத அலுவலர்களைத் துணை ஆட்சியர்களாக விரிவாக அமர்த்த வழிசெய்தது. கம்பெனியின் உயர்பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவர்கள் என்ற அந்தச் சொற்றொடரின் நடைமுறைப் பொருள், பெரும்பாலும் இந்தியர்கள் என்பதே. வங்காளத்தில் 1833ஆம் ஆண்டின் ஒன்பதாம் ஒழுங்குவிதியே துணை ஆட்சியர் பதவியை இந்தியருக்குத் திறந்துவிட்டிருந்தது. நாவலாசிரியர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர் 1858இல் ஏற்றது அத்தகைய பதவியே. பேரரசில் ஓர் இந்தியர் எட்டக்கூடிய மிக உயர்ந்த நிர்வாகப் படியாக நெடுங்காலம் இருந்த இப்பதவி, 1886இல் அமர்ந்த பொதுப்பணி ஆணையத்தின் பரிந்துரைகளுக்குப் பின் மாகாணப் பணியின் உறுப்பாயிற்று. கல்வெட்டுகளின் காலத்தைக் கணிக்க இன்றும் ஆய்வாளர்கள் கையாளும் இந்தியப் பஞ்சாங்க அட்டவணைகளைத் தொகுத்த எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் துணை ஆட்சியராகப் பணியாற்றியவரே. அருணாசலேசுவரர் கோயில் போன்ற கல்வெட்டுச் செறிந்த இடங்களைப் படிப்போர் அவருக்குக் கடன்பட்டவர்கள். இன்று நேரடி நியமனத் துணை ஆட்சியர்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வு வழியாகத் தெரிவு செய்யப்படுகின்றனர்.

சித்தூர் மாவட்டம் உருவான 1911ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் திருவண்ணாமலை வட்டம் தென் ஆர்க்காட்டிலிருந்து வட ஆர்க்காட்டுக்கு மாற்றப்பட்டது. மாவட்டத் தலைமையிடமும் சித்தூரிலிருந்து வேலூருக்கு வந்தது. ஆட்சியரைக் காண்பதற்கான பயணம் கடலூரை விட்டு வேலூரை நோக்கித் திரும்பியதே தவிர, 80 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. எனவே திருவண்ணாமலைச் சுற்றுவட்டார மக்களுக்கு நடைமுறையில் அரசின் மிக உயர்ந்த முகமாக இருந்தவர் கோட்ட அதிகாரியே. 1989 செப்டம்பர் 30 அன்று திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் அமைந்தபோதுதான் ஆட்சியர் ஊருக்குள்ளேயே வந்தார்.

அதற்கு முன்பே பதவியின் உள்ளடக்கம் பெரிதும் மாறியிருந்தது. காலனியக் காலத்தில் கோட்ட அதிகாரி குற்ற வழக்குகளையும் விசாரித்துத் தண்டனை வழங்கினார்; விடுதலைக்குப் பிறகு, அரசியலமைப்பின் 50ஆம் பிரிவு வலியுறுத்தியபடி நீதித்துறை நிர்வாகத்திலிருந்து பிரிந்தது. இருப்பினும், அமைதி காப்பதற்காகப் பிணைப்பத்திரம் பெறுவது, தடையுத்தரவு பிறப்பிப்பது ஆகிய முன்தடுப்பு அதிகாரங்கள் உட்கோட்ட நிர்வாக நடுவர் என்ற பெயரில் அவரிடம் இன்றும் உள்ளன. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்துக்குரிய முறையில் இறந்தால் தமிழகத்தில் விசாரணை நடத்துபவரும் அவரே. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோருக்கான பராமரிப்புத் தீர்ப்பாயமும் அவர் தலைமையில் கூடுகிறது.

பழைய பொறுப்பு கண்ணுக்குத் தெரியும் இடம் ஜமாபந்தி. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும் வருவாய் ஆண்டுக்குப் பசலி என்று பெயர். பசலி முடியும் தறுவாயில் ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் இந்த வருவாய்த் தீர்வாயம் ஒவ்வொரு வட்ட அலுவலகத்திலும் கூடும்போது, ஆட்சியரும் கோட்டாட்சியர்களும் பிற உயர் அலுவலர்களும் ஆளுக்கொரு வட்டத்தில் அமர்வார்கள். நில விவரங்களைக் கொண்ட அ-பதிவேடு, உரிமையாளர்வாரிக் கணக்கான சிட்டா, எந்த நிலத்தில் எந்தப் பயிர் விளைந்தது என்பதைப் பதியும் அடங்கல் ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர்கள் குறுவட்ட வாரியாகக் கொண்டுவந்து வைக்கின்றனர். நில அளவைச் சங்கிலியை நீட்டி அளவு சரியாக உள்ளதா என்று பார்ப்பதும் அன்றைய நடைமுறையில் ஒன்று. வெளியே பந்தலில் மனுவோடு காத்திருப்போருக்கு அந்தச் சங்கிலி சடங்காகத் தோன்றலாம். ஆனால் அண்டை வயலுக்குள் ஒரு சாண் நகர்ந்துவிட்ட வரப்பு தலைமுறைகள் நீளும் பகைக்குக் காரணமாகும் ஊர்களில், அளவுகோலையே தணிக்கைக்கு உட்படுத்துவது மதிக்கத்தக்க மரபு.

பழங்குடியினர் சாதிச் சான்று வழங்கும் அதிகாரம் தமிழகத்தில் வட்டாட்சியரிடம் இல்லை. கோட்டாட்சியரே அதை வழங்குகிறார். போலிச் சான்றுகளைத் தடுப்பதற்காக உயர்த்தப்பட்ட இந்தப் படி, ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கும் சமவெளியில் சிதறி வாழும் இருளர் குடும்பங்களுக்கும் பெரும் தடையாகவும் ஆகியிருக்கிறது. பெற்றோரிடம் சான்று இல்லாத பிள்ளைக்கு உறவினரின் சான்றும் நேரடி விசாரணையும் தேவைப்படுகின்றன. விசாரணை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் கல்லூரிச் சேர்க்கையில் ஓர் இடத்தை இழக்கச் செய்யக்கூடும். திருவிழாக் கூட்டம், பிரமுகர் வருகை, தேர்தல் பணி என்று கோட்டாட்சியரின் நாள்கள் கரைந்துபோகும் கோயில் நகரத்தில், விசாரணைக்கென்று ஒதுக்கிய நாளை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதிருப்பது மிக இன்றியமையாத நிர்வாக ஒழுக்கம்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழும் இதே அலுவலகத்துக்குத் தனிப் பொறுப்பு உண்டு. வட தமிழக மாவட்டங்களில் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் குடும்பங்களைப் பற்றித் தகவல் கிடைத்தால், கோட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருப்பதில்லை. வேலைத்தளத்துக்கே சென்று ஒவ்வொருவரிடமும் கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு, வெளியே போக விட்டார்களா என்று தனித்தனியே கேட்டுப் பதிவு செய்கிறார். அவர் கையெழுத்திட்டுத் தரும் விடுதலைச் சான்று கையில் வந்த பின், அந்தக் குடும்பத்திடமிருந்து பழைய முன்பணத்தைப் பெற்றுக்கொள்வதே சட்டப்படி குற்றம்.