பத்து சதவீத மனிதர்

ஹாலிவுட் நட்சத்திரங்களுக்குச் சம்பளம் பேசிக் கொடுத்த பால் கோஹ்னர், ஒப்பந்தக் காகிதத்தைக் கொண்டே எழுத்தாளர்கள் சிலரின் உயிரைக் காத்தார்

பாரிஸ் நாஜிகளின் கையில் விழுந்த 1940ம் ஆண்டு. ஹிட்லருக்குத் தப்பி பிரான்சில் ஒதுங்கியிருந்த ஜெர்மானிய எழுத்தாளர்களுக்கு மறுபடியும் ஓட வேண்டிய நிலை. அமெரிக்கா விசா தரும். ஆனால் வந்து இறங்குபவர் அரசுக்குப் பாரமாக மாட்டார் என்று யாராவது உத்தரவாதம் தர வேண்டும். அது ஹாலிவுட்டிலிருந்து போனது: ஓராண்டுக்குத் திரைக்கதை எழுதும் வேலை, வாரம் 100 டாலர் சம்பளம். ஸ்டூடியோ முதலாளிகளிடம் இதைப் பேசி முடித்தவர்களில் முக்கியமானவர் ஏஜென்ட் பால் கோஹ்னர்.

அவரும் வந்தேறிதான். இன்று செக் குடியரசில் இருக்கும் டெப்லிட்சே நகரில், யூதக் குடும்பத்தில் 1902ல் பிறந்தவர். அப்பா சினிமாப் பத்திரிகை நடத்தினார். அதற்காக யுனிவர்சல் அதிபர் கார்ல் லெம்லேயைப் பேட்டி காணப் போன பையனுக்கு அமெரிக்காவில் வேலையே கிடைத்துவிட்டது.

பேசும் படம் வந்தபோது, பிற மொழிச் சந்தையை இழக்க யுனிவர்சலுக்கு மனமில்லை. பகலில் ஆங்கில ‘டிராகுலா’ எடுத்த அதே செட்டில், இரவில் ஸ்பானிஷ் ‘டிராகுலா’வைத் தயாரித்தார் கோஹ்னர். 1931ல் வெளியான அதன் கதாநாயகி, மெக்சிகோவின் லுபிதா டோவர், மறு ஆண்டே அவருக்கு மனைவியானார். பிறகு பெர்லினில் யுனிவர்சலுக்காகப் பட வேலை. ஹிட்லர் பதவிக்கு வந்ததும் அங்கே நீடிக்க வழியில்லை. 1936ல் லெம்லே கம்பெனியை இழக்க, ஹாலிவுட்டிலும் பிடிமானம் போனது.

1938ல் சன்செட் புலவர்டில் சொந்த ஏஜென்சி திறந்தார். ஏஜென்டுக்கு முதல் என்று எதுவுமில்லை. யாரிடம் எப்போது பேசலாம் என்ற ஞானம்தான் மூலதனம். வாடிக்கையாளர் சம்பாதித்தால் பத்து சதவீதம். சம்பாதிக்காவிட்டால் பூஜ்யம்.

அகதிகளோ பூஜ்யத்துக்கும் கீழே. அதே ஆண்டு, இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிச் போன்றவர்களோடு சேர்ந்து ‘ஐரோப்பியத் திரைப்பட நிதி’யைத் தொடங்கினார் கோஹ்னர். வேலையில் இருந்த ஐரோப்பியர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். ஷார்லட் டீட்டர்லே, லீசல் ஃபிராங்க் என்ற இரு பெண்கள் அன்றாட வேலையைச் சுமந்தார்கள்.

இப்படி வந்தவர்களில் ஹைன்ரிஷ் மன் வார்னர் பிரதர்ஸுக்கும், ஆல்ஃபிரட் டோப்ளின் எம்.ஜி.எம்.முக்கும் போனார்கள். இருவருக்கும் வயது 60க்கு மேல். மொழியும் புதிது, தொழிலும் புதிது. எழுதியதில் பெரும்பாலானது படமாகவில்லை. ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவும் இல்லை. வறுமையிலேயே 1950ல் மறைந்தார் மன். ஆனால் அந்தக் காகிதம் திரைக்கதைக்காகத் தரப்பட்டதல்ல. அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்காகத் தரப்பட்டது. அந்த வேலையை அது செய்தது.

வியாபாரத்திலும் கோஹ்னர் சோடை போகவில்லை. ஜான் ஹூஸ்டன், சார்லஸ் பிரான்சன், இங்மர் பெர்க்மன், லிவ் உல்மன் எல்லோரும் அவரது வாடிக்கையாளர்கள். முகமே காட்டாத நாவலாசிரியர் பி. டிராவனின் பட உரிமைகளையும் அவரே கவனித்தார்.

1988ல், 85 வயதில் கோஹ்னர் காலமானார். ஏஜென்சியின் கடிதங்களும் ஒப்பந்தங்களும் இப்போது சினிமா ஆவணக் காப்பகம் ஒன்றில் பத்திரமாக இருக்கின்றன. எந்த நகரில் அவருக்கு இடமில்லாமல் போனதோ, அதே பெர்லினில்.