கிளிக்கு ஏற்ற கூண்டு

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் கிளி ஜோதிடரின் சிறு கூண்டைக் கண்டிருப்பீர்கள். சீட்டெடுக்க அந்தக் கிளி வெளியே வரும். நம் வீட்டுக் கிளியோ நாள் முழுதும் உள்ளேயே இருக்கும். ஆகவே, இரு சிறகையும் விரித்தால் எங்கும் இடிக்காத அகலம் வேண்டும்.

கிளி கம்பியை அலகால் கவ்வித்தான் ஏறும். புதுக் கம்பிவலையில் பூசிய துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. வினிகர் தொட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவையுங்கள், ஆபத்து குறையும். பிறகு வெண்தூள் தென்பட்டால் மறுபடி தேயுங்கள். உட்கார, பருமன் வேறுபட்ட கொய்யாக் கிளைகளை வைத்தால் கால் புண்ணாகாது. அடுப்புப் புகை படாத இடத்தில் மாட்டுங்கள்.

எச்சத்தைத் தினமும் நீர் தெளித்து நனைத்தே எடுங்கள். காய்ந்த தூளைச் சுவாசித்தால் நமக்கும் காய்ச்சல் வரலாம்.

ஒன்று மறவாதீர்கள்: செம்பனைத் தோட்டத்துக் காட்டுக் கிளியை உரிமமின்றிப் பிடித்து வளர்ப்பது 2010ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.