குவளையா, தண்ணீரா?

குட்டீஸ்... கண் தெரியாத, காது கேட்காத ஒரு குழந்தைக்கு, 'தண்ணீர்' என்ற சொல்லை எப்படிக் கற்றுத் தருவீர்கள்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1880ல் பிறந்தவர் ஹெலன் கெல்லர். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோயால், பார்வையையும், கேட்கும் திறனையும் இழந்தார். அவருக்குக் கற்பிக்க, 1887 மார்ச்சில் வந்தார் ஆசிரியை ஆன் சல்லிவன்.

பொருளைத் தொட வைத்து, அதன் பெயரை ஹெலனின் உள்ளங்கையில், விரல்களால் எழுத்து எழுத்தாக உணர்த்தினார். ஹெலனும் அப்படியே விரல்களை அசைத்துக் காட்டுவார். ஆனால், அவை பெயர்கள் என்பது தெரியாது. குவளைக்கும், தண்ணீருக்கும் உரிய சொற்களை மாற்றி மாற்றிச் சொன்னார். குவளையும், அதிலுள்ள தண்ணீரும் சேர்ந்தே கைக்கு வந்தால், எந்தப் பெயர் எதற்கு என எப்படித் தெரியும்?

ஏப்ரல் 5ம் தேதி, ஆசிரியை பாடத்தை வீட்டுக்கு வெளியே, அடிபம்புக்கு மாற்றினார். ஹெலனின் ஒரு கையில் குளிர்ந்த நீர் கொட்டியது. மறு கையில், 'தண்ணீர்' என எழுதினார். அசையாமல் நின்றார் ஹெலன். புரிந்து விட்டது!

உடனே தரையைத் தொட்டுப் பெயர் கேட்டார். பம்பின் பெயரைக் கேட்டார். சில மணி நேரத்தில், 30 புதிய சொற்கள்! அதே ஹெலன், 1904ல் கல்லூரிப் பட்டம் பெற்றார்.

பாடம் புரியாத நண்பனை, 'மக்கு' என்று சொல்லாதீர்கள். வேறு இடத்தில், வேறு பொருளைக் காட்டிச் சொல்லிப் பாருங்கள். அவனுக்கும் ஒரு அடிபம்பு எங்கேயோ இருக்கும்!