கிறுக்கிய தாளுக்கும் புள்ளி உண்டு: நான்காம் படிவக் காட்சிக் கலைப் பாடத்தில் என்ன கற்கிறார்கள்?

மூன்றாம் படிவம் முடியும் நேரத்தில் பள்ளியிலிருந்து ஒரு பாரம் வீட்டுக்கு வரும். நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்களை எடுக்க விருப்பம் என்று கேட்கும் பாரம் அது. பிள்ளை ‘பெண்டிடிக்கான் செனி விசுவல்’ என்ற இடத்தில் அடையாளம் போட்டிருந்தால் பல வீடுகளில் அன்றிரவு ஒரு வாக்குவாதம் நடக்கும். “படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?” என்று அப்பா கேட்பார். இன்னொரு வீட்டிலோ நேர்மாறு. “சும்மா வரையற பாடம்தானே, சுலபமா ஏ எடுத்திடலாம்” என்று சேர்த்துவிடுவார்கள். இரண்டு வீடுகளிலும் அந்தப் பாடத்தில் என்ன நடக்கிறது என்பது தெரியாமலேயே முடிவெடுக்கிறார்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அந்தக் காலத்துப் ‘கலைப் பிரிவு’ வேறு, காட்சிக் கலைப் பாடம் வேறு. அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று மாணவர்களைப் பிரிக்கும் முறை 2020இல் நீக்கப்பட்டது. இப்போது பள்ளிகள் பாடங்களைத் தொகுப்புகளாகக் கொடுக்கின்றன. எந்தத் தொகுப்பில் காட்சிக் கலை இருக்கிறது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆசிரியர் இல்லாத பள்ளியில் அந்தப் பாடமே இருக்காது. ஆகவே பாரத்தை நிரப்புவதற்கு முன் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்ப்பள்ளியில் காட்சிக் கலைக்கல்வி படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் மொழி மாறுகிறது. கலையின் அடிப்படைக் கூறுகள் ஆறு: கரிசான், ருப்பா, பெந்தோக், ஜாலினான், ருவாங், வர்னா. கோடு, தட்டை வடிவம், கனவடிவம், மேற்பரப்பின் தன்மை, வெளி, வண்ணம் என்று தமிழில் சொல்லலாம். இவற்றில் வர்னா நமது வர்ணம்தான், ருப்பா நமது ரூபம்தான். வடமொழியிலிருந்து இரு மொழிகளுக்கும் வந்த சொற்கள். ஆனால் இந்த உறவே சில சமயம் காலை வாரிவிடும். ரூபம் என்றதும் நம் பிள்ளைகளுக்குச் சிலையோ முழு உருவமோ நினைவுக்கு வருகிறது. பாடத்தில் ருப்பா என்பது தாளின் மேல் தட்டையாகக் கிடக்கும் வட்டமும் முக்கோணமும். பருமன் உள்ளதுதான் பெந்தோக். வட்டம் ருப்பா, பந்து பெந்தோக். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாத மாணவர் எழுத்துத் தாளில் தெரிந்த கேள்விக்கே தவறாக விடை எழுதிவிடுவார்.

முதல் மூன்று படிவங்களில் இந்தக் கூறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். நான்காம் படிவத்தில் அவற்றைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். எழுத்துத் தாள், வரையும் தாள், திட்டப்பணி என மூன்று வழிகளில் எஸ்.பி.எம். அதைச் சோதிக்கிறது.

வரைவதில் ‘நல்லா வரைவான்’ என்று பெயர் எடுத்த பிள்ளைதான் பெரும்பாலும் முதலில் தடுமாறுகிறான். காலண்டரில் உள்ள முருகனையும் கைப்பேசியில் உள்ள நடிகரையும் அச்சு அசலாக வரைந்து பழகியவன் அவன். அங்கே முப்பரிமாண உலகத்தைக் கேமரா ஏற்கெனவே தட்டையாக்கிக் கொடுத்துவிடுகிறது. வகுப்பில் ஆசிரியர் மேசை மேல் ஒரு மிலோ டின், ஒரு வாழைப்பழம், ஒரு துணியை வைத்து வரையச் சொல்லும்போது அந்த வேலையைக் கண்ணும் கையும் செய்தாக வேண்டும்.

டின்னின் வாய் வட்டம் என்று மூளைக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது நீள்வட்டம். அடிப்பகுதியைப் பலர் நேர்கோடாக இழுத்துவிடுவார்கள். மேலிருந்து பார்க்கும்போது அடி விளிம்பு வாயைவிடச் சற்று அதிகமாகவே வளைந்திருக்கும். பிறகு நிழல். வெளிச்சம் படும் இடம், நடுத்தரமான இடம், இருண்ட பக்கம், மேசை மேல் விழும் நிழல் ஆகிய நான்கையும் பிரிக்கத் தெரிந்தால்தான் டின் தாளிலிருந்து எழுந்து நிற்கும். அதற்கு 2பி, 4பி, 6பி பென்சில்கள் போதும். இணைகோடு, குறுக்குக்கோடு, புள்ளி, தேய்த்தல் என்று நிழல் போடும் முறைகளும் உண்டு.

தூரக்காட்சி பாடத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. பால்மர நெரையில் நின்று நேராகப் பார்த்தால் இரு பக்க மரங்களும் போகப் போகக் குட்டையாகி, நெருங்கி, கடைசியில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தெரியும். அதுதான் புத்தகம் சொல்லும் மறைபுள்ளி. இப்போது பல தோட்டங்களில் செம்பனைதான் நிற்கிறது. அதுவும் முக்கோண அமைப்பில் நடப்பட்டது என்பதால் நின்ற இடத்தில் திரும்பிப் பார்த்தால் வேறு திசைகளிலும் நெரைகள் தெரியும். தாத்தா, பாட்டி தினமும் நடந்த பாதையையே அளவுகோல் வைத்து வரையக் கற்கிறார்கள்.

நீர்வண்ணத்தில் அவசரக்காரர்கள் சிக்கிக்கொள்வார்கள். அதில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். வெளிச்சம் வேண்டிய இடத்தை முதலிலேயே விட்டுவைத்து, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும். ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசினால் வண்ணம் கலந்து பரவும். காய்ந்ததன் மேல் பூசினால் விளிம்பு நிற்கும். போஸ்டர் வண்ணம் மூடிவிடும் தன்மையுடையது. தவறை மறைக்க இடம் கொடுக்கும். அதற்குப் பழகிய கை நீர்வண்ணத்திலும் மேலே மேலே பூசினால் தாள் சேறாகும்.

இவ்வளவும் பயிற்சியால் வந்துவிடும். நல்ல கைத்திறன் உள்ளவர்கள்கூடப் புள்ளிகளை இழக்கும் இடம் திட்டப்பணியும் அதன் கோப்பும்தான்.

திட்டப்பணியில் ஒரு கருப்பொருளை எடுத்து ஆய்வு செய்து, முன்வரைவுகள் போட்டு, யோசனையை வளர்த்து, கடைசியில் ஒரு படைப்பாக முடிக்க வேண்டும். கோலத்தை எடுத்துக்கொண்ட ஒரு மாணவியை நினைத்துப் பார்ப்போம். அம்மா வாசலில் போடும் கோலத்தை அழகாகத் தாளில் போட்டுக் கொடுத்தால் அது பிரதி மட்டுமே. அவள் முதலில் பல கோலங்களைப் படமெடுக்க வேண்டும். புள்ளி வரிசை எப்படி அமைகிறது, கோடு புள்ளியைச் சுற்றுகிறதா, இணைக்கிறதா, எந்த அச்சில் இரு பாதியும் ஒத்துப்போகின்றன என்று குறிப்பு எழுத வேண்டும். பிறகு அதிலிருந்து ஒரே ஒரு வளைவை உருவியெடுத்து, திருப்பி, பெரிதாக்கி, அடுக்கிப் பார்க்க வேண்டும். பாத்தேக் துணிக்கான வடிவமாக மாற்றினால் மெழுகுக் கோடு எவ்வளவு மெல்லியதாக இருக்க முடியும் என்று சோதிக்க வேண்டும். வண்ணத்தில் இரண்டு மூன்று மாற்று முயற்சிகள். சரிப்பட்டு வராததை ஏன் கைவிட்டாள் என்று ஒரு வரி.

அந்தக் கைவிட்ட தாளுக்கும் மதிப்பு இருக்கிறது. மாணவி சொந்தமாக யோசித்தாள் என்பதற்கு ஆசிரியர் கையில் இருக்கும் சான்று அதுதான். படைப்பு பளபளவென்று இருந்து, கோப்பில் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அடையாளமே இல்லையென்றால் கேள்வி எழத்தான் செய்யும். காசு கொடுத்து வெளியில் செய்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ஆனால் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் அதைவிடச் சாதாரணமான விபத்து. வீட்டைக் கூட்டும்போது மேசைக்கடியில் கிடக்கும் கிறுக்கல் தாள்களைக் குப்பை என்று நினைத்து அம்மா சுருட்டிப் போட்டுவிடுவார். அல்லது பிள்ளையே வெட்கப்பட்டுக் கிழித்துவிடும். பழைய அட்டைப்பெட்டி ஒன்றை ஒதுக்கி, தேதி போட்டு எல்லாவற்றையும் அதில் போடச் சொன்னால் போதும், செலவில்லை.

எழுத்துப் பகுதியில் ஒரு படைப்பைப் பார்த்து எழுதும் முறையும் உண்டு. என்ன தெரிகிறது, எப்படி அமைக்கப்பட்டுள்ளது, என்ன பொருள் தருகிறது, எந்த அளவுக்கு வெற்றி பெற்றிருக்கிறது என்று நான்கு படி. முதல் படியைத் தாண்டாமல் ‘அழகாக உள்ளது’ என்று நான்காவதற்குத் தாவுவதுதான் பொதுவான குறை.

இதற்குப் பழக நம் நாட்டு ஓவியர்களே போதும். பினாங்கின் சுவா தியென் தெங் பாத்தேக் முறையை ஓவியமாக்கியவர். தமிழ்நாட்டில் பிறந்து சென்னைக் கலைக் கல்லூரியில் பயின்ற சைட் தாஜுடின் 1970களில் இராமாயணக் காட்சிகளைப் பெரிய திரைகளில் தீட்டியவர். பினாங்கில் பிறந்த நிர்மலா டத் சண்முகலிங்கம் 1973இல் காட்சிக்கு வைத்த படைப்பில் தூரிகை வேலையே இல்லை. மேம்பாட்டுப் பணியால் சிதைந்த ஓர் இடத்தின் புகைப்படங்களையும் அங்கு கிடந்த பொருள்களையும் கொண்டு அமைத்தார். கலை என்றால் படம் வரைவது மட்டும்தான் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டலாம். 1958இல் தொடங்கப்பட்ட தேசியக் கலைக்கூடம் கோலாலம்பூர் ஜாலான் தெமர்லோவில் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பத்துமலைக்குப் போகும் குடும்பம் அங்கேயும் ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்கலாம்.

எஸ்.பி.எம். முடிந்த பிறகு? யூ.ஐ.டி.எம். கலைத்துறை பெயர் பெற்றது. ஆனால் அந்தக் கதவு நம் பிள்ளைகளுக்கு இல்லை என்பதால் மற்றவற்றை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். எஸ்.டி.பி.எம். தேர்வில் காட்சிக் கலை ஒரு பாடமாக உண்டு. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைப் பள்ளி இருக்கிறது. ஆசிரியராக விரும்புவோருக்குத் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். பாலிடெக்னிக்குகளில் வடிவமைப்புப் பயிற்சிகளும், தனியார் துறையில் 1967இல் தொடங்கப்பட்ட மலேசியக் கலைக் கழகமும் உள்ளன.

வடிவமைப்பு, உயிரோவியம், கட்டடக்கலை போன்ற துறைகளின் நேர்காணலில் சான்றிதழோடு மாணவரின் படைப்புக் கோப்பையும் கேட்பது வழக்கம். முடிந்த ஓவியங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்த யோசனை எப்படி வந்தது?” என்று கேட்பார்கள். அப்போது எடுத்துக் காட்டத் தேவைப்படுவது, நான்காம் படிவத்தில் அட்டைப்பெட்டிக்குள் போட்டு வைத்த அந்தத் தாள்கள்தான்.