வேலையெல்லாம் இருட்டில்

மைசூர் ஜகன்மோகன் அரண்மனை ஓவியக்கூடத்துக்குப் போகிறவர்கள் தவறாமல் நின்று பார்க்கும் படம் ஒன்று உண்டு. ஒரு கையில் விளக்கேந்தி, மறு கையால் சுடரை மறைத்து நிற்கும் பெண். ரவிவர்மா வரைந்தது என்று இன்றும் பலர் அடித்துச் சொல்வார்கள். வரைந்தவர் எஸ்.எல்.ஹல்தங்கர், 1940-களில், தன் மகளையே நிற்க வைத்து, அதுவும் நீர்வண்ணத்தில்.

மறைத்த அந்தக் கையில்தான் சூட்சுமம். எவ்வளவு வெள்ளை வைத்தாலும் சுடர் சுடராகாது. சுடரை ஒளித்துவிட்டால், விரலிடுக்கில் கசியும் சிவப்பே வெளிச்சத்துக்குச் சாட்சி. பிரான்சின் ஜார்ஜ் தெ லா தூர் 1640-களில் வரைந்த தச்சர் சூசையப்பர் படத்தில், மெழுகுவத்தி பிடித்த பாலன் இயேசுவின் விரல்களில் இதையே தைல வண்ணத்தில் செய்து காட்டினார்.

தைல வண்ணம் சட்டென்று காயாது. உருவத்தின் விளிம்பை இருட்டோடு இழைத்துவிட அவகாசம் கொடுக்கும். நிழலை, அடிப்பூச்சு தெரியும்படி மெல்லிசாகப் பூச வேண்டும். வெளிச்சத்தைக் கெட்டியாக வைக்க வேண்டும். இருட்டுதானே என்று கறுப்பு ட்யூபைப் பிதுக்கினால் படம் செத்தது. பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்த இருட்டுக்குத்தான் ஆழம். சுடரிலிருந்து தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும்; இதை மறந்து முகத்துக்குச் சமமாகப் பாவாடையையும் பளபளக்க வைப்பவர்களே அதிகம்.

ஐரோப்பியச் சூத்திரம் நம் தோலுக்கு அப்படியே செல்லாது என்பது என் கட்சி. வெளுத்த முகம் வெளிச்சத்தை வாங்கி முழுக்க ஒளிரும். கறுத்த முகத்தில் நெற்றி, மூக்கு நுனி, மூக்குத்தி என்று அங்கங்கே பளிச்சிடும். மிச்சம் இருட்டோடு போய்ச் சேரும். இதை உணர்ந்து வரைந்தவர் இளையராஜா. இசைஞானி இல்லை, ஓவியர். அரியலூர் மாவட்டத்துத் தா.பழூரிலிருந்து மதனத்தூர் பாலம் ஏறிக் கொள்ளிடம் ஆற்றைத் தாண்டினால் கும்பகோணம். அதன் பக்கத்துச் செம்பியவரம்பலில் பிறந்து, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். விளக்கைவிட ஜன்னல் வெளிச்சமே அவருக்குக் கைவந்தது. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

தா.பழூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது முயல்வதானால், செல்போனில் படமெடுத்துப் பார்த்து வரையாதீர்கள். இருட்டை அது தானாகவே வெளுப்பாக்கிவிடும். அகல் ஏற்றி, ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். வண்ணத்தட்டுக்கு மட்டும் தனியாக ஒரு வெள்ளை விளக்கு வேண்டும். சுடர் வெளிச்சத்தில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகவே தெரியும். காலையில் பார்த்தால் உங்கள் நாயகி மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.