படகை நாடி வரும் திமிங்கிலம்

திமிங்கிலம் என்றதும் நம் இல்லத்துப் பிள்ளைகளின் நினைவுக்கு முதலில் வருவது, மறைக்கல்வி வகுப்பில் கேட்ட யோனாவின் வரலாறேயாகும். விவிலியம் அப்பிராணியைப் பெரிய மீன் என்று சொல்கிறதேயன்றித் திமிங்கிலம் என்று பெயரிடவில்லை. திமிங்கிலமோ மீனே அன்று. நம்மைப் போல் நுரையீரலால் மூச்சுவிட்டு, கன்று ஈன்று, பாலூட்டி வளர்க்கும் உயிர் அது. ஆயினும் மனித மனத்தில் அது நெடுங்காலமாக விழுங்கும் வாயாகவும், படகைக் கவிழ்க்கும் வாலாகவுமே பதிந்திருக்கிறது. கடலில் பிழைப்போரிடம் இவ்வச்சம் இன்னும் மிகுதி. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இருபதடி வள்ளத்தில் அமர்ந்திருப்பவன் அருகே நாற்பதடி உடல் ஒன்று மேலெழுந்தால், அங்கே தத்துவம் பேச நேரமேது?

இத்தகைய அச்சம் குடிகொண்டிருந்த ஓரிடத்தில், அப்பெரும் பிராணி தானாகவே மனிதனைத் தேடி வந்த வரலாற்றை வாசக அன்பர்களுக்குக் கூற விழைகிறோம்.

மெக்சிகோ நாட்டின் மேற்கே, பசிபிக் கடலுக்கும் கலிபோர்னிய வளைகுடாவுக்கும் நடுவில், நீண்ட விரலைப் போல் தெற்கு நோக்கி இறங்கும் நிலப்பகுதிக்குப் பாஹா கலிபோர்னியா என்று பெயர். பெரும்பாலும் கள்ளி வளரும் பாலைநிலம். அதன் பசிபிக் கரையில், உள்வாங்கிய கடலாக, அலையடங்கிக் கிடக்கிறது சான் இஞ்ஞாசியோ காயல். பெயர் நம் புனித இஞ்ஞாசியாருடையதே. 1728-ஆம் ஆண்டில் இயேசு சபைக் குருவான ஹுவான் பவுத்தீஸ்தா லுயாந்தோ உள்நாட்டுச் சோலை ஒன்றில் அப்புனிதரின் பெயரால் மறைப்பணித் தளம் அமைத்தார். 1768-இல் இயேசு சபையார் அந்நாட்டினின்று வெளியேற்றப்பட்டனர். பின்னர்ச் சாமிநாதர் சபையார் 1786-இல் கட்டி முடித்த கற்கோயில் இன்றும் நிற்கிறது. சோலையின் பெயரே தொலைவிலுள்ள காயலுக்கும் வழங்கலாயிற்று.

குளிர்காலந்தோறும் அக்காயலுக்கு வருபவை சாம்பல் திமிங்கிலங்கள். வளர்ந்த ஒன்று நாற்பது முதல் நாற்பத்தைந்தடி நீளமும் முப்பது டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. பற்கள் இல்லை, மேல்தாடையில் சீப்பு வரிசைபோல் தகடுகள் தொங்குகின்றன. வடதுருவத்தை அடுத்த பெரிங் கடலிலும் சுக்சி கடலிலும் கோடை முழுவதும் கடலடிச் சேற்றை வாயால் அள்ளி, அதிலுள்ள சிற்றுயிர்களை அத்தகடுகளால் வடிகட்டி உண்ணும். நீர் உறையத் தொடங்கியதும் தெற்கே புறப்படும். போகவர ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். ஒரு வழிப் பயணமே கன்னியாகுமரிக்கும் காஷ்மீரத்துக்கும் இடைப்பட்ட தொலைவைப் போல் இரண்டரை மடங்கு! இவ்வளவு தொலைவு ஏன் வரவேண்டும்? குளிர்ந்த வடகடலினும் காயல் வெதுவெதுப்பானது, அமைதியானது. கன்றைக் கவர்ந்து தின்னும் கொலைத்திமிங்கிலங்கள் அங்கே எளிதில் புகுவதில்லை. ஓராண்டுக்கு மேல் சுமந்த தாய், அங்கே பதினைந்தடிக் கன்றை ஈனுகிறது. அதன் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. நம் எருமைப்பாலில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான். இத்தனை பாலையும் கொடுக்கும் தாயோ அம்மாதங்களில் ஏறக்குறைய உணவின்றியே இருக்கிறது. வடக்கே உண்டு சேர்த்த கொழுப்புத்தான் தாய்க்கும் கன்றுக்கும் முதல். இச்செய்தியை நினைவில் வைக்க வேண்டுகிறோம்; பின்னர் இதற்கு மீள்வோம்.

பிள்ளைப்பேற்றுக்கு வந்த இடத்திலேயே அவற்றைக் கொன்றவர்களுள் பெயர்பெற்றவர் சார்லஸ் ஸ்காமன் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவர். அக்காலத்தில் வீட்டு விளக்கும் எந்திரத்தின் அச்சும் திமிங்கில எண்ணெயை நம்பியிருந்தன. 1857-58 குளிர்காலத்தில் அவர் 'பாஸ்டன்' என்ற தம் கப்பலோடு, சான் இஞ்ஞாசியோவுக்கு வடக்கேயுள்ள ஓஹோ தே லியேப்ரே என்ற பெருங்காயலின் ஒடுங்கிய வாயைக் கண்டு உள்ளே புகுந்தார். முதலில் வெற்றி எளிதாக இல்லை. கன்றைக் காக்கத் திரும்பிய தாய்கள் துடுப்புப் படகுகளை வாலால் அடித்து நொறுக்கின; மாலுமிகளின் கைகால்கள் முறிந்தன; எஞ்சியவர்கள் அருகே செல்லவே நடுங்கினர். பிறகு ஆழமற்ற ஓரங்களில் படகை நிறுத்திக்கொண்டு, வெடிமருந்து பொதிந்த ஈட்டிகளைத் துப்பாக்கியால் எய்யத் தொடங்கினர். அன்றிலிருந்து நடந்தது போரன்று, அறுவடை. மற்றக் கப்பல்களும் மோப்பம் பிடித்து வந்தன. சான் இஞ்ஞாசியோவும் தப்பவில்லை. சில ஆண்டுகளுக்குள் காயல்கள் வெறிச்சோடின. வேட்டைக்காரர்கள் இப்பிராணிக்கு இட்ட பெயர் 'பேய்மீன்'. தன் கன்றைக் காத்த தாய்க்கு, கன்றைக் கொன்றவர் சூட்டிய பெயர் அது! ஸ்காமனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1874-இல் அவர் வெளியிட்ட கடல் பாலூட்டிகள் பற்றிய நூல் இன்றும் அறிஞர் மதிக்கும் நூல். இவ்வினம் அழிந்தே போகுமோ என்ற ஐயத்தை அதில் அவரே எழுப்புகிறார்.

அட்லாண்டிக் கடலில் இருந்த சாம்பல் திமிங்கிலங்கள் அதற்கு முன்னரே, 18-ஆம் நூற்றாண்டில், அற்றுப்போயிருந்தன. பசிபிக்கில் ஒரு சிறு கூட்டம் எஞ்சியது. 1937-இல் நாடுகள் பல கூடிச் செய்த ஒப்பந்தம் அதனை வாணிப வேட்டையினின்று விலக்கியது. மெல்ல மெல்ல எண்ணிக்கை ஏறிற்று. ஆனால் பெயர் மாறவில்லை. சான் இஞ்ஞாசியோ மீனவர்கள் திமிங்கிலம் தென்பட்டால் வள்ளத்தின் பக்கத்தைத் தட்டி ஓசையெழுப்பி விலகிப்போவார்கள். பிள்ளைகளுக்கும் அவ்வாறே கற்பித்தார்கள்.

1972-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒரு நாள். பிரான்சிஸ்கோ மயோரால் என்னும் மீனவர், ஊரார் அழைப்பது பச்சீக்கோ என்று, தம் தோழரோடு கலவாய் மீன் பிடிக்கச் சென்றிருந்தார். வள்ளத்தின் அருகே ஒரு திமிங்கிலம் எழுந்தது. விலகிச் செல்ல முயன்றும் பயனில்லை. அது ஒரு பக்கம் மூழ்கி மறுபக்கம் எழுந்தது. வள்ளத்தின் அடியில் முதுகை உரசியது. தலையை நீருக்கு மேல் நீட்டி அப்படியே நின்றது. அடிக்க எண்ணியிருந்தால் ஒரே அடி போதும், அது அடிக்கவில்லை. நெடுநேரம் அஞ்சி இருந்த பச்சீக்கோ, இறுதியில் கையை நீட்டி அதனைத் தொட்டார். திமிங்கிலம் விலகவில்லை. பின்னும் தடவினார், அது இன்னும் நெருங்கி நின்றது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கரைக்கு வந்த அவருடைய சொல்லை ஊர் மெல்ல மெல்ல நம்பியது. தானும் கை நீட்டியது. அடுத்த ஆண்டுகளில் மேலும் பல திமிங்கிலங்கள் வள்ளங்களைத் தேடி வரலாயின. இன்று பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அங்கே செல்வோர் காணும் காட்சி இது: தாய் முதலில் ஒதுங்கி நின்று படகை நோட்டமிடுகிறது, பிறகு கன்றை முதுகில் தாங்கி, சில வேளைகளில் மூக்கால் தள்ளி, வள்ளத்தின் அருகே கொண்டுவருகிறது. கன்றின் தோலைத் தொட்டவர்கள், அவித்து உரித்த முட்டையைப் போல் வழவழப்பாக இருந்தது என்கிறார்கள். தாயின் தோலிலோ கப்பலடியில் ஒட்டுவது போன்ற கொட்டலசுகளும் பேன்களும் அப்பிக் கிடக்கின்றன. சில வாயைத் திறந்து, உள்ளிருக்கும் தகடுகளையும் தடவ இடங்கொடுக்கின்றன. மூச்சுவிடும்போது மீன் நாற்றமுடைய நீர்த்துளிகள் பார்ப்போர் மேல் தெறிக்கின்றன. அதைத் துடைத்துக்கொள்ளவும் மறந்து நிற்கிறார்களாம்.

ஏன் வருகின்றன? உடம்பில் அரிப்பெடுத்து உரச வருகின்றன என்பர் சிலர். மெதுவாக ஓடும் இயந்திரத்தின் ஒலி ஈர்க்கிறது என்பர் வேறு சிலர். இயந்திரத்தை முற்றிலும் நிறுத்திவிட்டால் திமிங்கிலம் ஆர்வம் குன்றிப் போய்விடுவதைப் படகோட்டிகள் கண்டிருக்கிறார்கள். விளையாட்டு என்றும், கன்றுக்கு உலகத்தைக் காட்டுகிறது என்றும் கூறுவாருண்டு. உணவுக்காக அன்று என்பது மட்டும் உறுதி; யாரும் அவற்றுக்கு உணவிடுவதில்லை. திமிங்கிலம் மனிதனை மன்னித்துவிட்டது என்று எழுதுவோர் பலர். நம்மைப் போன்ற போதகர்களுக்கு அச்சொல் மேல் ஆசை வருவது இயல்பே. ஆயினும் மன்னிப்பு என்பது, இழைத்த தீங்கை அறிந்து, மனமுவந்து விடுவது. பிராணியின் உள்ளத்தில் அத்தகைய ஒன்று இருப்பதாக நாம் சாதிக்க மாட்டோம். தீங்கு செய்யும் ஆற்றல் முழுவதும் அதனிடம் இருந்தும் செய்யவில்லை. தன் கன்றை நம் கையெட்டும் தொலைவில் விட்டது. கண்ணால் கண்ட இவ்வளவே நமக்குப் போதும்.

அங்குள்ள எளிய மக்கள் இதற்கு ஈடாகச் செய்தவை கருதத்தக்கன. மெக்சிகோ அரசு 1979-இல் காயலைத் திமிங்கிலப் புகலிடமாக அறிவித்தது. 1993-இல் அது உலக மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்ந்தது. அதே பத்தாண்டில், அரசும் ஜப்பானிய நிறுவனமான மித்சுபிஷியும் கூட்டாக நடத்திவந்த உப்பு நிறுவனம், காயற்கரையில் மாபெரும் உப்பளம் அமைக்கத் திட்டமிட்டது. ஏழைமை மிகுந்த பகுதியில் வேலைவாய்ப்பை எதிர்ப்பது எளிதன்று. ஆயினும் மீனவர்களில் பலர் எதிர்த்து நின்றனர். உலகின் பல பாகங்களிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் குடியரசுத் தலைவர் எர்னெஸ்தோ செதில்யோ திட்டத்தைக் கைவிட்டார். 2005-இல் அவ்வூர்ப் பொதுநில உடைமையாளர்கள், தங்கள் நிலத்தில் ஏறத்தாழ 1,20,000 ஏக்கரைப் பெருந்தொழில்களுக்கு விடுவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டனர்.

படகோட்டிகளிடையேயும் கட்டுப்பாடு உண்டு. ஒரே வேளையில் குறிப்பிட்ட அளவு வள்ளங்களே திமிங்கிலங்கள் உள்ள பகுதிக்குள் செல்லலாம், துரத்தக் கூடாது, நீரில் இறங்கக் கூடாது. வள்ளம் காத்திருக்கும், வருவதும் வராததும் திமிங்கிலத்தின் விருப்பம். பச்சீக்கோ 2013-இல் காலமானார். அவருடைய புதல்வர்கள் அத்தொழிலைத் தொடர்கின்றனர்.

கதை இத்துடன் இனிதே முடிந்திருக்கலாம். வடக்கே, சுக்கோத்காப் பகுதிப் பழங்குடியினர் தங்கள் உணவுக்காக ஆண்டுக்கு 140-க்கு மேற்படாமல் இத்திமிங்கிலங்களைப் பிடிக்கப் பன்னாட்டு ஆணையம் இசைவளித்துள்ளது. தொன்றுதொட்ட அவ்வழக்கத்தால் இனம் குன்றவில்லை. குன்றச் செய்வது பசி. துருவக் கடல் வெப்பமடைந்து பனிப்பாறை சுருங்கியதால், கடலடியில் விழுந்து சிற்றுயிர்களுக்கு இரையாகும் பாசி குறைந்தது, சிற்றுயிர்கள் குறைந்தன. முன்னே நாம் குறிப்பிட்ட அக்கொழுப்பைச் சேர்க்க முடியாமல், எலும்பு தெரியும் உடலோடு திமிங்கிலங்கள் தெற்கே வரத் தொடங்கின. 2019 முதல் 2023 வரை மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரையுள்ள கரைகளில் ஏறத்தாழ 690 ஒதுங்கின. 2016-இல் 27,000 என்று கணக்கிடப்பட்ட எண்ணிக்கை, 2025-இல் 13,000 அளவுக்குத் தாழ்ந்தது. அவ்வாண்டு வசந்தத்தில், காயல்களை விட்டு வடக்கே திரும்பும் தாய்களைக் கலிபோர்னியக் கரையிலிருந்து எண்ணிய ஆய்வாளர்கள் மதிப்பிட்ட கன்றுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 85.