படிக்கத் தெரியும், பேசத் தெரியாது

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு நண்பர், “உங்களுக்கு ஜெர்மன் மொழி தெரியுமாமே?” என்று கேட்டார். “படிக்கத் தெரியும், பேசத் தெரியாது” என்றேன். பக்கத்தில் நின்ற அவருடைய மகன் சட்டென்று, “எனக்குத் தமிழ் பேசத் தெரியும் அங்கிள், படிக்கத் தெரியாது” என்றான். எல்லோரும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கியது. என் ஜெர்மன் கதையை எழுதத் தூண்டியவன் அந்தப் பையன்தான்.

என் சொந்த ஊர் வட்டவடை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்கள். வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் பூமி. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் வட்டத்தோடு எங்கள் ஊரும் கேரளத்தில் அமைந்தது. வீட்டிலும் வயலிலும் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். ஒரு மொழியில் வாழ்ந்து மற்றொரு மொழியில் மனு எழுதுவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

இறையியல் பட்டம் முடித்து, விவிலியத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது என் பேராசிரியர் சொன்னார்: “எபிரேயமும் கிரேக்கமும் மூலத்தைப் படிக்க. அந்த மூலத்தைப் பற்றி இருநூறு வருடங்களாக நடக்கும் விவாதத்தைப் படிக்க ஜெர்மன் வேண்டும்.” அவர் சொன்னது உண்மை. ஐந்தாகமங்கள் எப்படி உருவாயின என்பதை 1878இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்த வெல்ஹவுசன், சங்கீதங்களை வகை பிரித்த குங்கெல், நற்செய்திகளின் வாய்மொழி மரபை 1921இல் ஆராய்ந்த புல்ட்மன், எல்லோரும் எழுதியது ஜெர்மனில்தான். எனக்கு அப்போது வயது முப்பது. கையில் ஒரு பழைய இலக்கணப் புத்தகம், ஓர் அகராதி. அவ்வளவே.

முதல் மாதம் பயமாக இருந்தது. இரண்டாம் மாதம் ஓர் ஆச்சரியம். இந்த மொழி நம் பக்கம் சாய்ந்து நிற்கிறதே என்று தோன்றியது. ஜெர்மனில் துணை வாக்கியங்களின் வினைச்சொல் கடைசியில் வரும். நாலு வரி கடந்து வினை வருவதற்குள் ஆங்கிலத்தில் சிந்தித்த என் தோழர்கள் சோர்ந்துபோவார்கள். வினைமுற்று வரும்வரை காத்திருப்பதோ நமக்குப் பிறவிப் பழக்கம்.

அடுத்தது கூட்டுச் சொற்கள். ‘ஹைல்ஸ்கெஷிக்டெ’ என்றொரு சொல். முதலில் மலைப்புத் தட்டும். பிரித்தால் ‘ஹைல்’ என்பது மீட்பு, ‘கெஷிக்டெ’ என்பது வரலாறு. ஆக, மீட்பின் வரலாறு. நடுவில் நிற்கும் ‘ஸ்’ எதற்கு? மரம், கிளை இரண்டும் சேர்ந்து ‘மரத்துக்கிளை’ ஆகும்போது நடுவே ‘அத்து’ வருகிறதே, அதுபோன்ற சாரியைதான். பள்ளியில் வெறுத்த தமிழ் இலக்கணம் முப்பது வயதில் எனக்கு ஜெர்மன் வாத்தியாராக வந்து நின்றது.

சில சொற்களை ஊர்தான் விளக்கியது. மத்தேயுவும் லூக்காவும் மாற்கு நற்செய்தியோடு இன்னொரு மூலத்தையும் பயன்படுத்தினார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்த மூலத்துக்கு ‘கியூ’ என்று பெயர். ‘க்வெல்லெ’ என்ற சொல்லின் முதலெழுத்து அது. பொருள்: ஊற்று. அதேபோல் ‘ஸிட்ஸ் இம் லேபன்’ என்பது குங்கெல் வழங்கிய தொடர். வாழ்க்கையில் ஒரு பாடலுக்குரிய இருக்கை என்று சொல்லலாம். ஒப்பாரியை யாராவது கல்யாண வீட்டில் பாடுவார்களா? ஒரு சங்கீதத்தைப் படிக்கும்போதும், இது எந்த நிகழ்ச்சியில் யார் பாடியது என்று முதலில் கேட்க வேண்டும் என்கிறார் அவர். எங்கள் ஊர்க் கிழவிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா இது!

சறுக்கல்களும் உண்டு. பழைய ஜெர்மன் நூல்களின் அச்செழுத்தில் ‘ஸ்’ எழுத்தும் ‘ஃப்’ எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மாற்றிப் படித்து விழித்திருக்கிறேன். இன்னொரு முறை, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கைப் பற்றிய நூலில் ‘மலபாரிஷ்’ மொழி என்று இருந்ததை மலையாளம் என்று எண்ணிக் குறிப்பெழுதிவிட்டேன். பேராசிரியர் சிரித்தார். அக்காலத்தில் ஐரோப்பியர் தமிழைத்தான் அப்படி அழைத்தார்கள்! கேரளத்துத் தமிழனான நான் விழ வேண்டிய குழிதான் அது.

அந்தச் சீகன்பால்க் கரையிறங்கியபோது வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715க்குள் அச்சிட்டு முடித்தார். அன்றைய தமிழர்கள் அவருக்கும் உடன் ஊழியருக்கும் எழுதிய கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பாக ஹாலே நகரில் அச்சேறின. நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலோ 1867 வரை அச்சாகாமல் கிடந்து, பிறகு சென்னையில் வெளிவந்தது. விவிலியத்துக்காகப் படித்த மொழியில் நம் முன்னோரின் பேச்சும் கேட்கிறதே என்று நெகிழ்ந்தேன்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். அந்த வருடம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை. தினமும் வேதாகமம் வாசித்தவர், இப்போது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தம்பி மகளுக்கு ஒன்பது வயது. “வாசிச்சுக் காட்டுடி கண்ணு” என்றால், “எனக்கு இந்த எழுத்து தெரியாது அப்பத்தா” என்பாள். அவள் பள்ளியில் தமிழ் இல்லை. பாட்டியும் பேத்தியும் நாள் முழுக்கத் தமிழில் பேசுவார்கள். அந்தப் புத்தகம் மட்டும் இருவருக்கும் மூடிக் கிடந்தது.

ஒரு மாலை நான் திண்ணையில் ஜெர்மன் படிப்பதைப் பார்த்து, “பெரியப்பா, நீங்களும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறீங்களா?” என்றாள். ஆமாம் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். ஒப்பந்தம் போட்டோம். தினம் எனக்குப் பத்து ஜெர்மன் சொல், அவளுக்குப் பத்துத் தமிழ்ச் சொல்.

நான் கையாண்ட வழி எளிது. ஏற்கெனவே தமிழில் மனப்பாடமாகத் தெரிந்த மாற்கு நற்செய்தியை ஜெர்மனில் வாசித்தேன். பொருள் தெரியும் என்பதால் சொல் தானாகப் பிடிபடும். அதையே அவளுக்கும் செய்தேன். பாட்டி சொல்லிக் கேட்டு அவளுக்கு 23ஆம் சங்கீதம் தலைகீழ்ப் பாடம். அந்தப் பக்கத்தைத் திறந்து, வாயில் வருவதை விரலால் தொடச் சொன்னேன். விடுமுறை முடியுமுன், மனப்பாடம் இல்லாத 121ஆம் சங்கீதத்தைத் தடுக்கித் தடுக்கி வாசித்தாள். தவறும் இடங்களில் கண் தெரியாத அம்மா திருத்தினார். அன்று நான் ஜெர்மன் புத்தகத்தைத் திறக்கவில்லை.

நான் இன்னும் ஜெர்மன் பேசக் கற்கவில்லை. அதனால் குடி முழுகிவிடவில்லை. அது எனக்கு நூல்மொழி. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் அப்படியல்ல, தாத்தா பாட்டியின் மொழி. அவர்களுக்குப் பேச்சு ஏற்கெனவே இருக்கிறது. கடினமான பாதி முடிந்துவிட்டது. ஆகவே பெற்றோர்களே, அரிச்சுவடியோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை மனப்பாடமாகப் பாடும் பாட்டு ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். பக்கத்தில் நீங்களும் ஏதாவது ஒன்றை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பெரியவர்களும் திக்கித்தான் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், பிள்ளைகளின் கூச்சம் பாதி போய்விடும்.

அடுத்த பொங்கலுக்கு அந்தப் பையனைச் சந்திப்பேன். அவனுக்கு எந்தப் பாட்டு மனப்பாடம் என்று கேட்பதாக இருக்கிறேன்.